குசினிச் சுவருக்கு மேலால் வந்த குரல்

அறுபதுகளின் தொடக்கம். கண்டாவளைப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணியில் நாங்கள் இருந்த காலம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து மூன்றாவது வருடம். எனக்கு இருபத்தாறு வயது. மூன்று ஏக்கர் வயல், ஒரு பசு, ஒரு சைக்கிள், ஒரு நாய், திட்டத்தில் கட்டித் தந்த சின்ன வீடு ஒன்று. வீடு என்றால் ஒரு அறை, ஒரு விறாந்தை, சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான். அறைக்கும் குசினிக்கும் நடுவே இருந்த சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு எழும்பி அத்தோடு நின்றுவிடும். அந்தச் சுவரை அரைகுறையில் விட்ட மேசன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாரி முழுவதும் அவரை நான் திட்டாத நாள் இல்லை.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்கவில்லை. இந்தத் தடவையும் ஐப்பசி மாதத்தில் ஒருநாள் கொஞ்சம் இரத்தம் பட்டது. எங்கள் பகுதிக்குச் சைக்கிளில் வந்து போகும் மருத்துவிச்சி அம்மா பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்.

"பிள்ளை, இனிப் பிறக்கும் வரைக்கும் கட்டில்தான். வெளிக்குப் போறதுக்கு மட்டும் எழும்பலாம். குனியப்படாது, குந்தப்படாது, குசினிப் பக்கம் கால் வைக்கப்படாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, சமைப்பீரோ?"

"ஓம், அதென்ன பெரிய வேலையே?" என்றேன்.

கட்டிலில் கிடந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். வலியால் மூடுகிறாள் என்று நினைத்தேன்.

என் அம்மா ஊரிலிருந்து வந்து பத்து நாள் நின்றார். அப்பா கால் முறிந்து படுக்கையில் கிடந்ததால் அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. மனைவிக்குத் தாய் இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் இருந்த அயல் வீட்டு அக்காவுக்கு ஐந்து சின்னப் பிள்ளைகள். அவரும் புருசனும் வயலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக, மிஞ்சியது நான். அதுவரை குசினிக்குள் நான் போனது தண்ணீர் குடிக்க மட்டும்தான்.

முதல் நாள் சோறு. அரிசியைப் பானையில் கொட்டித் தண்ணீர் விட்டு அடுப்பை மூட்டினேன். விறகு மழையில் நனைந்திருந்தது. ஊதினேன். புகை வந்தது. மறுபடியும் ஊதினேன். இன்னும் நிறையப் புகை வந்தது. கண்ணாலும் மூக்காலும் ஒழுக, நெருப்பு எப்போதாவது பிடிக்கும் என்ற நம்பிக்கையில் ஊதிக்கொண்டே இருந்தேன். அப்போது சுவருக்கு மேலால் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, அரிசி களைஞ்சனீங்களோ?"

களையவில்லை. "ஓம்" என்றேன்.

"எத்தினை தரம்?"

"ரண்டு தரம்."

"அப்ப ஏன் தண்ணி ஊத்தின சத்தம் ஒருக்காத்தான் கேட்டது?"

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்! படுத்த படுக்கையில் கிடக்கிற மனுசிக்குக் காது குசினியில் இருந்தது. காது மட்டுமா? மூக்கும் அங்கேதான். வெந்தயம் சட்டியில் விழுந்த உடனேயே, "கருகப் போகுது, இறக்குங்கோ" என்று குரல் வரும். நான் அகப்பையைத் தேடி, சட்டியைப் பிடிக்கத் துணியைத் தேடி, துணியில் நெருப்புப் பிடித்து, அதை அணைத்து முடிப்பதற்குள் வெந்தயம் உண்மையாகவே கருகியிருக்கும். "நான் சொன்னனான் எல்லோ?" என்று அடுத்த குரல் வரும்.

உப்பு விசயம்தான் பெரிய கரைச்சல். உப்பைப் போட்டுவிட்டுத்தான் நிற்பேன். "உப்புப் போட்டனீங்களோ?" என்று கேட்பாள். கேட்டவுடன் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். போட்டேனா, போட நினைத்தேனா? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பிடி போடுவேன். தேங்காய் துருவும்போது, "கறுப்பு விழ விழத் துருவாதேங்கோ." புளி கரைக்கும்போது, "கோது எடுத்தனீங்களோ?" கறித்தூள் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால், "ரண்டு கரண்டிக்கு மேலை போடாதேங்கோ, அது உறைப்பு." நான் மூன்று போட்டிருப்பேன்.

வயலில் விதைப்பு நேரம். விடியற்காலையில் எழும்பி, மாட்டில் பால் கறந்து, அவளுக்கு முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, இந்தக் குசினியோடு மாரடித்து, ஒரு கோப்பையில் சோற்றையும் கறியையும் போட்டு அவள் தலைமாட்டில் மூடி வைத்துவிட்டு வயலுக்கு ஓடவேண்டும். பொழுது ஏறிப் போனால் பக்கத்து வயல்காரர்கள், "என்ன, இண்டைக்குப் புட்டோ இடியப்பமோ?" என்று சிரிப்பார்கள். ஒருவர் எனக்கு அகப்பைக்காரன் என்று பட்டமே வைத்துவிட்டார். இந்தக் கோபம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த நாள் அடுப்படிக்குப் போவேன். அங்கே அந்தக் குரல் காத்திருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. பூசணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தேன். தோல் இரும்பு மாதிரி. கத்தி வழுக்கி விரலில் பட்டு இரத்தம் வந்தது. அந்த நேரம் பார்த்து, "இஞ்சாருங்கோ, தோலைச் சீவிப்போட்டு வெட்டுங்கோ" என்று வந்தது.

"இன்னொருக்கால் இஞ்சாருங்கோ எண்டால் இந்தச் சட்டியைத் தூக்கி வாய்க்காலுக்கை எறிஞ்சிடுவன்! பேசாமல் கிடவும்!" என்று கத்தினேன். பூசணிக்காயைத் தோலோடேயே சமைத்தேன்.

அடுத்த நாள் சுவருக்கு மேலால் ஒரு சத்தமும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மூடி வைத்த கோப்பை நான் திரும்பி வரும்போது வெறுமையாக இருக்கும். "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டால், "ஓம், சாப்பிட்டனான்" என்பாள். நான் தேறிவிட்டேன் என்றே முடிவு கட்டினேன். அயல் வீட்டு அண்ணையிடம், "இப்ப மனுசி ஒரு குறையும் சொல்லுறேல்லை" என்று பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் சமைத்ததை நான் சாப்பிடவில்லை. வேண்டுமென்று அல்ல. காலையில் ஒரு தேநீரோடு ஓடிவிடுவேன். அந்த நாட்களில் நாங்கள் ஒருவர் வயலில் ஒருவர் முறைவைத்து வேலை செய்வோம். யாருடைய வயலோ அந்த வீட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரும். பின்னேரம் பரந்தன் சந்திக்குப் போனால் தேநீர்க் கடையில் பாணும் சம்பலும் தின்றுவிட்டு வருவேன். மற்ற நாட்களில் பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். அவளுக்குத்தான் காலையில் சமைத்தது இருக்கிறதே என்பது என் எண்ணம். சட்டியில் இருந்ததை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போடுகிறவன் வைக்கோலைத் தின்றா பார்க்கிறான்? ஏறக்குறைய அப்படித்தான் நானும் இருந்திருக்கிறேன்.

கார்த்திகை மாதம் ஒருநாள் காலையில் மருத்துவிச்சி அம்மா வந்தார். மனைவியின் கண் மடலை இழுத்துப் பார்த்தார். கையைப் பிடித்துப் பார்த்தார். வயிற்றைத் தொட்டு அளந்தார்.

"என்ன பிள்ளை சாப்பிடுறனி?"

"எல்லாம் சாப்பிடுறனான் அம்மா. ஒரு குறையும் இல்லை."

மருத்துவிச்சி அம்மா விறாந்தைக்கு வந்தார். அங்கே எங்கள் நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. அதை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"தம்பி, வயித்துப் பிள்ளை வளரக் காணேல்லை. தாய் எலும்பும் தோலுமாய்ப் போறா. இந்த வீட்டிலை நாய் மட்டும் கொழுத்துக் கிடக்கு. என்ன நடக்குது இஞ்சை?"

அவர் அடுத்த ஒழுங்கையில் இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டார். நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு, அவள் கட்டிலை ஒட்டியிருந்த அறை யன்னலுக்குக் கீழே போய்ப் பார்த்தேன். நிலத்தில் சோற்றுப் பருக்கைகள் காய்ந்து ஒட்டியிருந்தன. பூசணித் தோல் கிடந்தது. நாய் என் பின்னால் வந்து, தன் வழக்கமான இடத்தில் வழக்கம் போலக் குந்திக்கொண்டு யன்னலை அண்ணாந்து பார்த்தது.

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. அறைக்குள் போய் நின்றேன்.

"விடியாத சாமத்திலை எழும்பி ஊதி ஊதிச் சமைக்கிறன். ஊரெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது. நீர் அதை நாய்க்குப் போடுறீர்!"

"நான் வேணுமெண்டு செய்யேல்லை..."

"இனி நீரே சமையும். நீரே சாப்பிடும்!"

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டேன். அன்று யாருடைய வயலிலும் முறை இல்லை. என் வரம்பைத்தான் வெட்டினேன். வெட்டத் தேவையில்லாத இடத்தையும் வெட்டினேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கோபம் மெல்ல இறங்கி, வயிறு பசிக்கத் தொடங்கியதும்தான் வீட்டுக்குத் திரும்பினேன். தூரத்திலேயே கண்டேன், குசினிக் கூரையால் புகை வந்துகொண்டிருந்தது.

ஓடினேன். அடுப்புக்கு முன்னால் அவள் குந்தியிருந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கையில் அகப்பை. சின்னப் பானையில் சோறு வடித்து வைத்திருந்தாள். சட்டியில் சொதி கொதிக்கத் தொடங்கியிருந்தது. என்னைக் கண்டவுடன், களவெடுத்துப் பிடிபட்டவள் போலச் சட்டென்று எழும்பினாள். எழும்பியவள் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். சேலையில் இரத்தம்.

"கோவிக்காதேங்கோ" என்றாள். "பசிச்சது."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்திவிட்டு, வாய்க்கால் கரையில் நின்று கத்தினேன். அயல் வீட்டு அக்கா அடுத்த ஒழுங்கைக்கு ஓடி மருத்துவிச்சி அம்மாவைக் கூட்டி வந்தார். அண்ணை உழவு மெசினை எடுக்கப் போனார். "வேண்டாம், மெசின் குலுக்கும். வண்டிலைக் கட்டும். பரந்தன் வரைக்கும் வண்டில், அங்காலை கார் பிடிப்பம்" என்றார் மருத்துவிச்சி அம்மா.

மழை பிடித்துக்கொண்டது. வண்டிலுக்குள் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு, அவளைக் கிடத்தினோம். ரோட்டுக்கு மேலால் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை மாடுகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். அவள் தலை என் மடியில். முகம் வெளிறிப் போயிருந்தது. இந்தப் பிள்ளையும் போய்விட்டது, இவளும் போகப்போகிறாள், செய்தவன் நான் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவள் மெதுவாகக் கண்ணைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ."

"என்னம்மா?"

"அடுப்பிலை சொதி கிடக்கு. இறக்கி வைச்சனீங்களோ?"

எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாகவே வந்தன. இந்த நேரத்திலுமா! "இறக்கிட்டன், இறக்கிட்டன்" என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பரந்தனில் கார் கிடைத்தது. கிளிநொச்சி ஆசுபத்திரியில் டாக்டர் நெடுநேரம் பார்த்தார். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்புக் கேட்கிறது என்றார். இரத்தம் நின்றுவிட்டால் தப்பும், ஆனால் தாய் ஆசுபத்திரியிலேயே கிடக்கவேண்டும், நன்றாகச் சாப்பிடவேண்டும், வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கலாம் என்றார். நன்றாக என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது. மருத்துவிச்சி அம்மா ஏதாவது சொல்லியிருப்பார்.

பசு கட்டையில் நின்றதால் பொழுது படுவதற்குள் நான் வீட்டுக்கு வந்தேன். அடுப்பு அணைந்திருந்தது. அடுப்படியில் இரண்டு சமையல் இருந்தது. ஒன்று அவள் செய்த சோறும் சொதியும். மற்றது காலையில் நான் சமைத்து வைத்த சோறும் கறியும். அன்று முழுவதும் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. நின்ற நிலையில் அவள் வைத்த சொதியைச் சோற்றில் விட்டு இரண்டு கவளம் சாப்பிட்டேன். ஒரு வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் தேங்காய்ப் பால், தேசிக்காய்ப் புளி. வேறொன்றும் அதில் இல்லை. ஆனாலும் தொண்டைக்குள் இறங்கியபோது உடம்பு முழுக்கச் சூடு பரவியது.

பிறகு என் கறியை எடுத்து வாயில் வைத்தேன்.

அது என்ன ருசி என்று எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை. முதலில் உப்பு. பிறகு கருகிய வெந்தயத்தின் கைப்பு. வேகாத கறித்தூள் நாக்கில் மண் மாதிரி ஒட்டிக்கொண்டது. சோறோ ஒரு பக்கம் களி, ஒரு பக்கம் அரிசி. துப்பிவிட்டேன். நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அதற்குக் கொட்டினேன். அதுகூட ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைத்தது.

ஒரு மாதத்துக்கு மேல் இதைத்தான் அவளுக்கு வைத்திருக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு, எழும்பக்கூடாது என்று கட்டிப்போட்ட மாதிரிக் கிடந்தவளுக்கு. அவள் குறை சொன்னபோது கத்தினேன். குறை சொல்வதை நிறுத்தியபோது சந்தோசப்பட்டேன்.

அடுத்த நாள் காலை ஒழுங்கையில் மீன்காரரின் மணிச் சத்தம் கேட்டது. நாயாற்றுப் பக்கத்து வேதக்காரர், கழுத்தில் சிலுவை போட்டிருப்பார். என் வயதுதான் இருக்கும். முல்லைத்தீவுப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் மீன் பெட்டியை ஏற்றி வந்து, பிறகு சைக்கிளில் எங்கள் பகுதி முழுவதும் திரிவார்.

"என்ன அண்ணை, அக்காவைக் காணேல்லை?" என்று யன்னல் பக்கம் பார்த்துக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, இரண்டு ஓரா மீனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார்.

"வாங்கோ, அடுப்பை மூட்டுங்கோ. நாங்கள் மீன்பிடிக்கக் கடற்கரை வாடியிலை மாசக் கணக்காய்க் கிடக்கேக்கை ஆர் சமைக்கிறது? ஆம்பிளையள்தானே. வெக்கப்பட்டால் பட்டினிதான்."

அவர் சமைத்துத் தந்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அந்த மனுசன் அகப்பையைத் தொடவே இல்லை. ஓரமாக நின்றுகொண்டு என்னையே செய்யவிட்டார். நெருப்பைக் குறைக்கச் சொன்னார். முதற்பால் விட்ட பிறகு கொதிக்கவிட்டால் திரைந்துவிடும் என்றார். கடைசியில், "உள்ளங்கையிலை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோ" என்றார். பார்த்தேன்.

"என்ன குறைவு?"

"தெரியேல்லை."

"அப்ப இன்னொருக்கால் பாருங்கோ."

பார்த்தேன். "எனக்கு விளங்கேல்லை. நீரே சொல்லும்."

"நான் சொன்னால் நாளைக்கு ஆர் சொல்லுறது? பாருங்கோ."

எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஆசுபத்திரிக்கு நேரமாகிறது, இவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார்! கோபத்தோடு மூன்றாவது தரம் நக்கினேன். அப்போது திடீரென்று விளங்கியது. "புளி" என்றேன். தேசிக்காயைப் பிழிந்தேன். மறுபடியும் நக்கினேன். சரியாக இருந்தது! என் கையால் செய்த ஒன்று, வாயில் வைத்தால் விழுங்கத் தோன்றுகிற மாதிரி இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அப்போதுதான் சிரித்தார். வெயில் ஏறினால் மீன் பழுதாகிவிடும் என்று ஓடவேண்டிய மனுசன், முக்கால் மணி நேரம் என் குசினியில் நின்றார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவரைக் கண்டிருக்கிறேன். அன்று நான் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் சைக்கிளில் ஏறிவிட்டேன் என்பது மட்டும் மனதில் கிடக்கிறது.

ஒன்பது மைல் சைக்கிள் மிதித்துச் சாப்பாட்டுக் கரியரைக் கொண்டுபோய்த் திறந்து வைத்தேன். மனைவி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள்.

"ஆர் சமைச்சது?"

"நான்தான்."

"பொய்."

"சத்தியமாய்."

இன்னொரு கரண்டி எடுத்தாள். "உப்புக் குறைவு" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் குறை. ஏனோ எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் அந்தப் பொறுமை இரண்டு நாள்தான் நின்றது. ஆசுபத்திரியில் அவள் கிடந்த வாட்டில் ஆறு கட்டில்கள். ஆறு கட்டிலிலும் சமைக்கத் தெரிந்த பெண்கள். ஒரு ஆம்பிளை சமைத்துக்கொண்டு வருகிறான் என்றதும் எல்லாருக்கும் அது பொழுதுபோக்காகிவிட்டது. என் மனைவி ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்துவிடுவாள். "தம்பி, வெந்தயம் முதலிலை போடவேணும்" என்பார் ஒருவர். "ஆர் சொன்னது? கடைசியிலை தாளிச்சுப் போடவேணும்" என்பார் அடுத்த கட்டில்காரர். ஒருவர் பெருஞ்சீரகம் போடு என்பார். இன்னொருவர் மீனுக்கு அதைப் போட்டால் விளங்காது என்பார். அவர்களுக்குள்ளேயே சண்டை. நடுவில் நான் வெறுங்கரியரோடு நிற்பேன். "நாளைக்கு எப்பிடிச் செய்யிறது எண்டு ஒரு முடிவு சொல்லுங்கோவன்!" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

ஆனாலும் விட்டேனா? ஒவ்வொருவர் சொன்னதையும் ஒவ்வொரு நாள் செய்து, உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். வெந்தயத்தை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். முருங்கையிலை வறுத்தேன். பருப்புக் கறி வைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு நாலு தரம் பிழைத்தது. நாலு தரமும் மனுசிக்குக் கொடுக்காமல் நானே தின்றேன், அது எனக்கு நானே வைத்துக்கொண்ட தண்டனை. ஐந்தாம் தரம் குழம்பு வற்றி, எண்ணெய் மேலே மிதந்து, குசினி முழுவதும் ஒரு வாசம் வந்தது. அடுப்படியில் தனியே நின்று, நானே எனக்குள் "ஆகா" என்று சொன்னது நினைவிருக்கிறது.

அன்று அதைக் கொண்டுபோனேன். மனைவி சாப்பிடத் தொடங்கினாள். ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, முன்பு அவள் பேசாமல் இருந்ததன் அர்த்தம் எனக்குத் தெரியுமே. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த கட்டில் அக்கா வழக்கம் போலக் கையை நீட்டி, "கொஞ்சம் தாருமன் பாப்பம்" என்றார்.

மனைவி கரியரைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கோவிக்காதேங்கோ அக்கா. இண்டைக்கு எனக்கே காணாது."

வாட்டே சிரித்தது. நான் வெளியே போய்ச் சைக்கிளைத் துடைக்கிற மாதிரி நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. கண் நனைந்ததை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். திரும்பி வரும் ஒன்பது மைலும் அடுத்த நாள் என்ன சமைப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். யாரும் என்னைச் சமைக்கச் சொல்லி வற்புறுத்தாமலே எனக்கு அந்த யோசனை வந்தது அன்றுதான் முதல் தடவை.

மூன்று கிழமைக்குப் பிறகு அவளை வீட்டுக்கு விட்டார்கள். மறுபடியும் கட்டில். மாசி மாதம், அறுவடைக்கு முன்னால், எங்களுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. என் அம்மா ஊரிலிருந்து வந்து, பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி வைக்க அடுப்படிக்குப் போனார். நான் விடவில்லை. மல்லியையும் மிளகையும் எவ்வளவு வறுப்பது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் பெரிய வாக்குவாதம். "இவனுக்கு என்ன பிடிச்சிட்டுது?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வயல்காரர் எனக்கு வைத்த அகப்பைக்காரன் என்ற பட்டம் அப்படியே நிலைத்துவிட்டது. நான் அதைத் திருத்தப் போகவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை வீடு மாறியிருப்போம், எத்தனை அடுப்பு மாறியிருக்கும். சமையலை நான் விடவில்லை. சமையல் எனக்கு எரிச்சல் தராத நாளும் இல்லை. விறகு நனைந்திருக்கும், தேங்காய் அழுகியிருக்கும், எல்லாம் சரியாக வந்த நாளில் சாப்பிட வரவேண்டியவர்கள் பிந்தி வருவார்கள். திட்டிக்கொண்டேதான் சமைக்கிறேன். ஆனால் சாப்பாட்டை வைத்துவிட்டு நான் அப்பால் போவதில்லை. எதிரே இருந்து சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்க்கிறேன். உப்புக் கூடிவிட்டது, புளி காணாது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லும்போது எனக்கு இன்னும் சுள்ளென்று கோபம் வருகிறது. ஆனாலும் என்னிடம் குறை சொல்ல அவர்களுக்குப் பயமில்லை என்ற நிம்மதி அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.